வடசேரியும் தென்சேரியும்: மட்டக்களப்புக் கொம்புமுறியின் கதை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள தமிழ் ஊர்களில், கண்ணகை அம்மன் வழிபாட்டோடு சேர்த்து ஆடப்பட்டு வந்த கட்சிப் போட்டி கொம்புமுறி. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கொழுவி, வடம் பூட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தக் கொம்புக்குரிய கட்சி தோற்றது. விதி இவ்வளவுதான். கொம்பு விளையாட்டு, கொம்பு முறித்தல் என்றும் இதற்குப் பெயர் உண்டு. வெறும் விளையாட்டு என்று சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள். சடங்கு என்று மட்டும் சொன்னாலும் பொருந்தாது. ஊர் முழுவதும் இரண்டாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் பாட்டால் வைது, கடைசியில் ஒரே அம்மன் முன்னால் கூடி நின்ற விழா அது.

மட்டக்களப்பு நகரின் நடுவே வாவி சூழ்ந்து கிடக்கும் சிறு நிலம் புளியந்தீவு. 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதற் கோட்டை இதுவே. பின்னாளில் மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரி இந்தக் கோட்டைக்குள்தான் இயங்கியது. பள்ளிக்கூடங்களும் கடைத்தெருவும் தேவாலயங்களும் கோட்டையைச் சுற்றி எழுந்தன. தீவுக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. கொம்புமுறி இந்தக் கரைகளின் சொத்து. ஆட்சி புளியந்தீவில் இருந்தது, ஆட்டம் கரைகளில் நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

கொம்புமுறியை விளங்கிக்கொள்ளக் கண்ணகை வழிபாட்டிலிருந்து தொடங்கவேண்டும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகுவும் அங்கே இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவே அவன் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. அவனோடு இந்த வழிபாடு இலங்கைக்கு வந்தது என்பது மரபு. சிங்களவரிடையே அவள் பத்தினித் தெய்வம் ஆனாள். தமிழரிடையே யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் கோயில் கொண்டாள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதாகக் கண்டித்தார். அங்கே பல கண்ணகி கோயில்கள் வேறு அம்மன் பெயர்களுக்கு மாறின. கிழக்கில் அந்தக் கண்டனம் எடுபடவில்லை. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம் என கரை நெடுகிலும் அம்மன் தன் சொந்தப் பெயரோடேயே இருந்தாள். இவற்றுள் முதல் மூன்று ஊர்களும் 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன்பாற் சென்றன. பண்பாட்டுக் கணக்கில் அவை இன்றும் மட்டக்களப்புத் தேசம்தான்.

வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அம்மனின் கதை சொல்லும் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். நிறைவில் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளைக் குளிரச் செய்வதே அந்தச் சடங்கின் கருத்து. மழை பொய்ப்பதும் அம்மை போடுவதும் ஊரில் நோய் பரவுவதும் அவளுடைய வெப்பத்தின் அடையாளங்கள் என்று ஊர் நம்பியது. அந்த வெப்பம் தணிய ஊர் செய்தவற்றுள் கொம்புமுறியும் ஒன்று. வானம் வறண்டால் கொம்பு முறிக்கவேண்டும் என்ற பேச்சு எழும். வயலை நம்பிய ஊர்களில் அது சாதாரணப் பேச்சு அன்று.

இதற்கு ஒரு கதையும் உண்டு. கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கப் போனார்கள். மரத்தில் எட்டாத பூவைப் பறிக்க ஆளுக்கொரு கொக்கைத்தடி நீட்டினார்கள். இரண்டு கொக்கைகளும் சிக்கிக்கொண்டன. கோவலன் பக்கத்தார் ஒருபுறமும் கண்ணகி பக்கத்தார் மறுபுறமுமாக இழுத்தார்கள். கோவலனின் கொக்கை முறிந்தது. கண்ணகி வென்றாள். சிலப்பதிகாரத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது. இளங்கோவடிகளின் கண்ணகி கணவன் இருக்கும்வரை உரத்துப் பேசாதவள். அவள் அவனை விளையாட்டில் வென்று சிரித்த ஒரு பகலை ஊர் மக்கள் தாமாக உண்டாக்கிக் கொடுத்தார்கள். காப்பியத்தில் அவளுக்கு நேர்ந்ததை நினைத்தால், இது நியாயமான கொடைதான்.

கதையில் வந்த இரண்டு பக்கங்களே ஊரின் இரண்டு கட்சிகள் ஆயின. வடசேரி கோவலனுடையது, தென்சேரி கண்ணகியுடையது. இன்ன ஆள் இன்ன சேரி என்பது ஆட்டக்களத்தில் தீர்மானிக்கப்படுவது இல்லை. அது பிறப்போடு வருவது. மட்டக்களப்புச் சமூகத்தில் குடி தாய்வழியாக வரும். கோயில் உரிமைகள் குடிக்குக் குடி பிரிந்திருக்கும். நிலவுடைமையாளரான போடியாருக்கும் வயலில் இறங்குபவனுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கும். வடசேரி, தென்சேரி என்ற பிரிவு இந்த அடுக்குகளின் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. ஒரே கூரையின் கீழ் இரண்டு சேரியாரும் இருக்க இடமுண்டு. கொம்புக் காலத்தில் அந்த வீட்டுக்குள் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கொம்புக்கு ஏற்ற மரம் எல்லா இடத்திலும் கிடைக்காது. இயல்பாகவே வளைந்து, வயிரம் பாய்ந்து, நாரோட்டம் வளைவோடு சேர்ந்து ஓடும் கிளையோ வேரோ வேண்டும். கரையாக்கன் மரம் இதற்குப் பேர்போனது. நேர் மரத்தைச் செதுக்கி வளைவு கொடுத்தால் நார் அறுந்துவிடும். பாரம் ஏறியதும் வளைவிலேயே விண்டுபோகும். ஆகவே காட்டுக்குள் போய்த் தேடுவதே போட்டியின் முதற் பாதி. கிடைத்த கொம்பைச் சீவி, கயிறு சுற்றி, எதிர்க்கட்சி கண்ணில் படாமல் காப்பாற்றுவார்கள்.

களத்தில் ஒரு கொம்பை அசையாத மரத்தோடு பிணைப்பார்கள். மற்றதை அதனுள் கொழுவி, அசையும் கட்டையோடு கட்டி, அதிலிருந்து போகும் வடத்தைப் பிடித்து ஊரார் இழுப்பார்கள். இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கயிறு இழுத்தல் போட்டியில் பலம் கூடிய பக்கம் வெல்லும். கொம்புமுறியில் அப்படி இல்லை. கொழுவிய இரண்டு கொம்புகளிலும் விழும் பாரம் ஒன்றே. எத்தனை பேர் இழுத்தாலும், எந்தச் சேரியான் மூச்சுப் பிடித்து இழுத்தாலும், அந்த இழுப்பு தன் கொம்புக்கும் எதிரியின் கொம்புக்கும் சமமாகவே போய்ச் சேரும். வெற்றி மரத்தின் வயிரத்தில், அதைத் தேர்ந்தவனின் கண்ணில், கட்டியவனின் கையில், மிஞ்சியது அம்மன் அருளில். தோள்பலத்துக்கு அங்கே வேலை உண்டு, பயன் இல்லை. வென்ற சேரியார் தம் தோளைத் தட்டிக்கொள்வதில் எந்த நியாயமும் இருக்கவில்லை. தட்டிக்கொள்ளாமல் இருந்ததும் இல்லை.

விழா ஒரே மூச்சில் முடிவதில்லை. போர்த்தேங்காய் அடிப்பதில் தொடங்கும். ஓடு தடித்த தேங்காய்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றோடொன்று மோதவிட்டு, உடைந்ததற்குரியவர் தோற்றதாகக் கொள்வார்கள். அடுத்துச் சிறு கொம்புகள். பெரிய கொம்பு கடைசியில்தான். ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றியும் தோல்வியும் கணக்கில் ஏறும். வென்றவர்கள் முறியாத கொம்பைக் கொம்புத்தட்டில் வைத்து, பறை முழங்க ஊர்வலம் போவார்கள். தோற்ற சேரியாரின் வாசலில் ஊர்வலம் நிதானமாகவே நகரும்.

அந்த ஊர்வலத்தின் உயிர் வசைப்பாட்டு. வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டால் வையும். தோற்ற சேரி பதில் வைத்திருக்கும். மற்ற நாட்களில் வாயைத் திறந்து சொல்லமுடியாத சொற்கள் அன்று இராகத்தோடு வரும். மாமன் முறை, மச்சான் முறை என்ற கட்டுகள் தளரும். கொம்பின் சாட்டில் மனத்தில் கிடந்த பழைய கோபதாபங்களையும் சிலர் பாடித் தீர்த்துக்கொண்டார்கள். பாட்டு எல்லை மீறிக் கைகலப்பில் முடிந்ததும் உண்டு. கிழக்கின் கிராமியப் பாடல்களைத் தொகுத்தவர்கள் வசந்தன் பாட்டுக்கும் காவியத்துக்கும் கொடுத்த இடத்தை வசைப்பாட்டுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். தி. சதாசிவ ஐயர் பதிப்பித்த மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு 1940இல் வெளிவந்தது. வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. அச்சேறத்தக்கது எது என்பதில் அக்காலப் பண்டிதர்களுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அந்த அளவுகோலுக்கு வெளியே விழுந்ததில் நல்ல தமிழும் போய்விட்டது.

இதே ஆட்டம் சிங்களவரிடையே அங்கெலிய என்ற பெயரில் உண்டு. அங்கே கட்சிகள் மேற்கட்சி, கீழ்க்கட்சி எனப் பொருள்படும் உடுபில, யடிபில. முதலாவது கோவலனாகிய பாலங்கனுடையது, மற்றது பத்தினியுடையது. பூப்பறித்த கதையும் ஏறத்தாழ இதுவே. மரக்கொம்புக்குப் பதில் மரைக்கொம்பு பயன்பட்ட இடங்களும் உண்டு. மொழியும் மதமும் வேறான இரு சமூகங்கள் ஒரே பெண்ணின் பெயரால் ஒரே விதத்தில் கொம்பு இழுத்தது இலங்கை வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூலில் இந்த ஆட்டத்தை விரிவாக ஆராய்ந்தார். ஆண்மையின் தோல்வியை, அதைப் பற்றிய அச்சத்தை, ஊர் கூடி ஆடிப் பார்த்துக்கொள்வதே இது என்பது அவர் வாசிப்பின் சாரம். உளப்பகுப்பாய்வு வழி வந்த விளக்கம். எல்லாருக்கும் உவப்பானதாக இராது. ஆனால் கோவலன் கொம்பு முறியும்போது ஆண்களும் சேர்ந்து ஆரவாரித்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எளிதில் அகப்படுவதில்லை.

எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சி ஓர் ஆங்கில மாலுமியுடையது. ரொபர்ட் நாக்ஸ் 1660இல், மட்டக்களப்புக்கு வடக்கே கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில், மலைநாட்டில் அவர் கண்ட கொம்பிழுப்பு வருகிறது. வளைந்த இரு தடிகளைக் கொழுவி இழுப்பதும், பத்தினித் தெய்வத்துக்காக அது செய்யப்படுவதும், வென்றவர்கள் எழுதக் கூசும் சொற்களைப் பாடி ஆடுவதும் அதில் இருக்கின்றன. இதை ஒழிக்க அரசன் தண்டம் விதித்தான் என்றும், அதன்பிறகும் ஆட்டத்தை மீண்டும் தொடங்கித் தண்டம் கட்டியவர்களும் உண்டு என்றும் நாக்ஸ் எழுதுகிறார். கொம்புக்கு எவ்வளவு வெறி கொண்ட ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு செய்தி போதும்.

அந்த வெறியின் தன்மையைப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது. கண்ணகி வெல்வாள் என்பது கதையில் முன்பே எழுதப்பட்ட முடிவு. தென்சேரி வென்றால் ஊருக்கு நல்லது என்பதும் அதிலிருந்து வருவது. ஆனால் களத்தில் முடிவு திறந்தே கிடந்தது. வடசேரியான் கண்ணகை அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே, அவள் பக்கத்துக் கொம்பு முறியவேண்டும் என்று இழுத்தான். இதில் அவனுக்கு முரண்பாடு எதுவும் தென்படவில்லை. கதை அம்மனுக்கு உரியது, சேரி அவனுக்கு உரியது.

தொழில்முறை மல்யுத்தம் இதற்கு நேர் எதிரான அமைப்பைக் கொண்டது. அங்கே களம் திறந்திருப்பதுபோல் தோன்றும். முடிவு உள்ளே எழுதப்பட்டிருக்கும். அது அப்படி ஆனதற்குக் காரணம் பார்வையாளரின் ஏமாற்றம்தான். 1910இல் இலண்டனில் காமா பயில்வானும் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவும் மோதியபோது, ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எழவே இல்லை. உண்மையான சண்டை. பார்த்தவர்கள் சலித்துப் போனார்கள். மறுவாரம் நடக்கவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. 1911 செப்டம்பர் 4ஆம் தேதி சிக்காகோவில் ஏறத்தாழ 30,000 பேர் கூடி எதிர்பார்த்த கோச்சு, ஹாக்கென்ஷ்மிட் என்ற மல்லர்களின் மோதலுக்கும் இதே கதிதான். ஹாக்கென்ஷ்மிட் முழங்காலில் அடிபட்டு வந்திருந்தார். ஆட்டம் சப்பென்று முடிந்தது. அமெரிக்காவில் மல்யுத்தத்தின் மவுசு அதன்பிறகு பல ஆண்டுகள் எழவில்லை. 1920களில் எட் லூயிஸ் என்ற மல்லரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் ஆட்டத்தை விறுவிறுப்பாக்கி, நேரம் குறித்து, முடிவையும் தாமே வகுத்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது.

ஆசியாவில் அந்த ஆட்டத்தின் முகங்கள் இரண்டு. ஐரோப்பாவில் பிறந்து சிங்கப்பூரில் தங்கிவிட்ட எமில் சாயா என்ற கிங்காங் ஒருவர். பஞ்சாப்பிலிருந்து 1940களின் இறுதியில் சிங்கப்பூர் போய் மல்லரான தாராசிங் மற்றவர். அவர்கள் மோதல்களின் புகழ் தமிழ்ப் பேச்சிலேயே தங்கிவிட்டது. வாட்டசாட்டமான பையனைத் தாராசிங் என்று கூப்பிடும் வழக்கம் அந்த மல்லர்களை நேரில் பார்க்காத தலைமுறைக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. அதன்பின் அமெரிக்க மல்லர்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். 1989இல் நியூ ஜெர்சி சட்டமன்றத்தில், வரியும் கட்டுப்பாடும் குறையவேண்டும் என்பதற்காக, இது போட்டி அன்று, கேளிக்கையே என்று அந்த ஆட்டங்களை நடத்திய நிறுவனமே ஒப்புக்கொண்டது. கூட்டம் குறையவில்லை. 2014 ஏப்ரல் 6ஆம் தேதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் அண்டர்டேக்கர் என்ற மல்லர், அந்த நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் பெருவிழாவில் அதுவரை 21 முறை மோதியும் தோற்காதவர், முதல் முறையாகத் தோற்றபோது அரங்கம் வாயடைத்துப் போயிற்று. முடிவு எழுதப்பட்டது என்று அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் துக்கம் வந்தது.

ஆகவே ஏமாற்றம் பொய்யால் வருவது என்று சொல்வதற்கில்லை. மல்யுத்தத்தைப் பத்தாண்டு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பவருக்கு மல்லர்கள் இளைத்திருக்கமாட்டார்கள், விளக்கு மங்கியிருக்காது. யார் யாருக்குப் பகை, ஏன் பகை என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததால் இரண்டு உடல்கள் விழுந்து எழுவது மட்டுமே கண்ணில் படும். போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய மற்போரைப் பாடிய புறநானூற்றுப் புலவர்களும் இதை அறிந்திருந்தார்கள். பிடிகளின் நுணுக்கத்தைவிட, அவனோடு பகைத்த தந்தை இதைக் காணவேண்டும் என்ற ஆதங்கம் ஒரு பாட்டில் பெரிது. அவன் வென்றான் என்போரும் வெல்லவில்லை என்போருமாகப் பிரிந்த கூட்டத்தின் குரல், நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர் பாடிய இன்னொன்றில் பெரிது.

இனிக் கொம்புமுறிக்குத் திரும்பினால், அது தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. கைகலப்பு முற்றி, வேண்டாம் என்று ஊரே நிறுத்திய இடங்கள் உண்டு. பள்ளிக்கூடம் படித்த தலைமுறைக்கு வசைப்பாட்டு நாகரிகக் குறைவாகப் பட்டது. ஆகம வழிபாடு கண்ணகை அம்மன் கோயில்களுக்குள்ளும் மெல்ல நுழைந்தது. அம்மைக்குத் தடுப்பூசி வந்தது. நீர்ப்பாசனத் திட்டங்கள் மழைக்கான ஏக்கத்தைச் சற்றுக் குறைத்தன. 1978 நவம்பர் 23ஆம் தேதிச் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சூறையாடி, மரங்களையும் கூரைகளையும் ஒரே இரவில் வீழ்த்தியது. பிறகு போர். 1983 முதல் 2009 வரை, இரவில் ஆயிரம் பேர் கூடி ஆரவாரிப்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. காட்டுக்குள் போய்க் கொம்பு தேடுவதும் அப்படித்தான். படுவான்கரை ஊர்களிலிருந்து மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை எழுவான்கரையை அடித்தது. பலர் கடல் கடந்து போனார்கள். எந்தச் சேரி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டிய தேவை இல்லாத இடங்களில் அவர்கள் வளர்ந்தார்கள்.

இக்காலத்தில் கொம்புமுறி சில ஊர்களில் சடங்காகவும், சில விழாக்களில் பண்பாட்டுக் காட்சியாகவும் நடக்கிறது. காட்சியாக நடக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. கூத்தோடு ஒப்பிட்டால் அது தெளிவாகும். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டவை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், இராவணேசன் முதலியன அப்படி வந்தவை. அவற்றில் ஆடிய மட்டக்களப்பு இளைஞர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்த மரபை ஆராய்ந்து எழுதினார். சுருக்கியபோது கூத்து சிலவற்றை இழந்தது. ஆனால் தாளக்கட்டும் பாட்டும் ஆட்டமும் மிஞ்சின. ஊர் தெரியாதவரும் அவற்றை இரசிக்கமுடியும்.

கொம்புமுறியைச் சுருக்கினால் மிஞ்சுவது என்ன? ஒரு மரத்துண்டு முறிவது. அது ஒரு நொடி. போர்த்தேங்காயிலிருந்து ஏறிவந்த கணக்கு இல்லை. வசைப்பாட்டு அடக்கி வாசிக்கப்படும், அல்லது பாடப்படாது. சுற்றி நிற்பவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சேரியும் இல்லாதவர்கள். அவர்கள் கைதட்டுகிறார்கள். எந்தக் கொம்பு முறிந்தாலும் கைதட்டுவார்கள். பழைய ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் இன்றைய காட்சியில் ஏமாற்றம் அடைந்தால் குற்றம் கொம்பின்மீது இல்லை, கட்டியவர்மீதும் இல்லை. தோற்பதற்கு ஆள் இல்லை. அதனால் வெல்வதற்கும் ஆள் இல்லை.

ஆவணப்படுத்துவோர் பெரும்பாலும் பொருளைத் தேடுகிறார்கள்: கொம்பின் நீளம், மரத்தின் பெயர், கட்டும் முறை. இவை தேவைதான். ஆனால் இன்னும் தேடக்கூடியதும், விரைவில் தேடமுடியாமற் போகக்கூடியதும் வேறொன்று: எந்தக் குடும்பம் எந்தச் சேரி, யார் யாரை எந்தப் பாட்டால் வைதார்கள் என்பது. அது எழுதப்படாத பட்டியல். முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. மட்டக்களப்பில் வேர் உள்ள வாசகர், புளியந்தீவில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தாம் வடசேரியா தென்சேரியா என்று கேட்டு, கிடைக்கும் பதிலை ஊர்ப்பெயரோடு எழுதிவைக்கவேண்டும்.